பசியாவரத்திலிருந்து வந்த கரைத்துணி

துணி வந்த அன்று என் அம்மா அதைத் தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். சிவப்பும் வெள்ளையும் நீலமும் ஓடிய கட்டம். கோட்டைக்குப் பக்கத்து நெசவுத் தெருவில் கப்பலுக்கென்றே நெய்து, கஞ்சி போட்டு, கட்டையால் அடித்து மடித்த துணி. மடிப்புகூடக் கலையவில்லை. என் தங்கையின் குழந்தைக்கு நான் தைத்துக்கொண்டிருந்த ஒட்டுப் போர்வைக்குக் கரையாக வைக்கச் சொல்லி, ஏரிக்கு அப்பால் பசியாவரத்திலிருந்து அவள் புருஷனின் அண்ணன் படகில் கொடுத்தனுப்பியிருந்தான். எங்கள் ஊர் தோணிரேவில் வீட்டைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் அதைத் தடவிப் பார்த்து, சம்பந்தி வீட்டுக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு எரிந்தது.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பது ஊரறிந்த சங்கதி. அதனால் அன்று நான் கத்தியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுத் துணி வந்ததற்கு ஒருத்தன் கோபப்படுவானா என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் வழக்கம் தெரியும். தெரிந்துகொண்டேதான் சிரித்தார்கள்.

கோட்டையில் ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்களின் கொடி பறந்த காலம் அது. எனக்குப் பாய் தைக்கிற வேலை. கோட்டைக்கு வடக்கே மணலில் கப்பல் பாய்களை விரித்துப்போட்டு, வெயிலில் உட்கார்ந்து, உள்ளங்கையில் தோல் கட்டிக்கொண்டு ஊசி தள்ளுவோம். எந்தப் பாய் எந்தக் கப்பலுக்கு என்று மூலையில் எழுதவேண்டும் என்பதற்காகக் கற்றுக்கொண்ட எழுத்துதான் இப்போது இதை எழுதவும் உதவுகிறது. எங்கள் பக்கத்தில் பெண்கள் உப்பங்கழி ஏரியில் இறங்கி, பறிக்கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றுக்குள் கை விட்டு இறால் பிடிப்பார்கள். ஊசி பிடித்தது பெரும்பாலும் ஆண்கள். பாய் தைக்கிற கைக்குப் போர்வை ஒரு பொருட்டில்லை.

குழந்தையைத் தொட்டிலில் போடும் அன்று அதன் கீழே விரிக்கிற போர்வைக்கு ஒரு முறை உண்டு. நடுவில் வரும் துண்டுகள் யார் வீட்டிலிருந்தும் வரலாம். அக்கம்பக்கத்தார், சிநேகிதிகள், கேட்டால் கொடுக்கிற யாரும் கொடுக்கலாம். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே நெட்டுக்கும் குறுக்குக்கும் ஓடும் பட்டைத் துணி தாய்மாமன் கொடுப்பது. இதெல்லாவற்றையும் சுற்றி வருகிற அகலமான கரையும், அதற்கும் வெளியே மடித்துத் தைக்கிற ஓரமும் தகப்பன் உடுத்திப் பழசாக்கிய கட்டத் துணியில்தான் வெட்டவேண்டும். உடுத்திய துணி என்பதுதான் முக்கியம். அதைக் கொடுத்தால், இந்தக் குழந்தை எங்களுடையது என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். கொடுக்காவிட்டால் குழந்தை தாய் வீட்டோடு நின்றுவிடும். தாயும் கூடவே நின்றுவிடுவாள்.

யாரும் இடுப்பில் சுற்றாத, வியர்வை படாத, மடிப்புக் கலையாத துணியைக் கொடுத்தால் என்ன அர்த்தம்? கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கொடுக்காத மாதிரியும் ஆயிற்று. நாளைக்கே, "கரை எங்கே கொடுத்தோம், பச்சைக் குழந்தைக்கு ஒரு துணி எடுத்துக் கொடுத்தோம்" என்று கையை விரித்துவிடலாம். அந்த அண்ணன்காரனின் புத்தி அப்படித்தான் போகும். வெளியே பார்த்தால் தாராளம், உள்ளே பார்த்தால் கழுத்தறுப்பு.

வழக்கத்தை விடுங்கள். தையல்காரனாகச் சொல்கிறேன். கஞ்சி போட்ட புதுத் துணியைப் பழந்துணிகளைச் சுற்றிக் கரையாக வைத்தால், முதல் தடவை தண்ணீரில் போட்டதும் கரை சுருங்கும், நடுவில் இருப்பது சுருங்காது. போர்வை முழுக்கப் புடைத்துக்கொண்டு, மூலைகள் உள்ளே மடங்கி, விரித்தால் தரையில் படியாது. உடுத்திய துணிதான் வேண்டும் என்று சொன்னவர்கள் முட்டாள்கள் இல்லை.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு கிழவி வீட்டு வேலை. ஏரி கையை விரித்துவிட்ட ஒரு வருடம், பசியாவரத்தில் அடுப்பு எரிவதே சந்தேகமாக இருந்தபோது, கோட்டையை ஒட்டிய தெருவில் தனியாக வாழ்ந்த ஒல்லாந்துக் கிழவி ஒருத்திக்குத் துணி தைக்க ஆள் வேண்டும் என்று விசாரித்துவந்து என் தங்கையை அனுப்பியதே அந்த அண்ணன்காரன்தான். அவளுக்கு ஊசி பிடிக்க நான் கற்றுக்கொடுத்திருந்தேன். விடியக்காலையில் படகில் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். கிழவியின் புருஷன் மண்டையோடு செதுக்கிய கல்லறைக் கல்லுக்கடியில் போய்ப் படுத்துப் பல வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் ஆண் என்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒரு சேவல்தான். என் தங்கை கொண்டுவந்த அரிசியைத் தின்றபோது யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஏரி மறுபடியும் கொடுக்க ஆரம்பித்து, அவள் வேலையை விட்ட எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்ததும், அவள் கோட்டைத் தெருவுக்குப் போய்வந்த நாட்களில் தரித்ததுதானே என்று அண்ணன்காரன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். குழந்தை என்னவோ எங்கள் அப்பாவின் நிறத்தில், அடுப்புக்கரி மாதிரி பிறந்திருந்தது. கண் இருக்கிறவனுக்கு அது போதும்.

நான் துணியை எடுத்துக்கொண்டு பசியாவரம் போனேன். அண்ணன்காரன் கரையில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் தம்பி, அதாவது என் தங்கையின் புருஷன், கொஞ்சம் தள்ளி அதே வலையின் மறுமுனையில் இருந்தான். அவன் கெட்டவன் இல்லை. என் தங்கைமேல் அவனுக்கு உயிர். ஆனால் அண்ணன் இருக்கிற இடத்தில் அவனுக்கு வாய் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். அப்படிப்பட்ட நல்லவர்களைப் பார்த்தால் எனக்குக் கெட்டவர்களைவிட அதிகமாக எரிச்சல் வரும்.

அண்ணன்காரன் என்னை மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை.

"இன்னாப்பா, புதுத் துணி குடுத்தது ஒரு குத்தமா? பழசு குடுத்திருந்தா கஞ்சன்னு சொல்லியிருப்பே" என்றான்.

"உன் தம்பி இடுப்புல கட்டிக்கினு கீறாரே, அதுல ரெண்டு முழம் கிழிச்சுக் குடு. எனக்கு அது போதும்."

அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்தப் புள்ளைக்கு எந்தத் துணி குடுக்கணும்னு எங்களுக்குத் தெரியும்" என்றான்.

அவ்வளவுதான். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நான் தம்பிக்காரனைப் பார்த்து, மாப்பிள்ளை, நீங்களாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவன் ஒரு முடிச்சை அவிழ்ப்பதிலேயே இருந்தான். அவிழ்ந்த முடிச்சைத்தான் அவிழ்த்துக்கொண்டிருந்தான் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். துணியை வலைமேல் வீசிவிட்டுப் படகு ஏறினேன். அண்ணன்காரன் பின்னாலேயே வந்து, தொட்டில் போடும் அன்று வருகிறோம் என்று சிரித்த முகமாகச் சொல்லி, துணியை எடுத்து என் படகுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து போர்வையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நடுத்துண்டுகளில் பாதி அந்தக் கிழவி கொடுத்தவை, பூவும் கொடியும் எழுதிய துணிகள். இதை வைக்காதே, ஊர் வாய்க்கு அவல் போடாதே என்று அம்மா கெஞ்சியும், தங்கை அதை வைத்தே ஆகவேண்டும் என்றிருந்தாள். அந்தப் பூக்களை ஒன்றையொன்று தொடுகிற மாதிரி வைத்தால் பார்க்கிறவனுக்குக் கண் வலிக்கும். நடுவே கட்டத் துணியில் ஒரு பட்டை ஓடினால் ஒவ்வொரு துண்டும் தன் இடத்தில் அடங்கி உட்காரும். நான் கொடுத்தது என் கைலி, நீலத்தில் பொடிக்கட்டம். பட்டை குறுகலாக இருப்பதால் கட்டமும் பொடியாக இருக்கவேண்டும். பெரிய கட்டம் கரைக்குத்தான் சரிப்படும்.

கட்டத் துணி தையல்காரனின் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைத் துணியைக் கொஞ்சம் கோணலாக வெட்டினால் யாருக்கும் தெரியாது. கட்டத் துணியில் ஒரு நூல் விலகினால், தூரத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியும். அதனால் கண்ணை நம்பாமல், ஒரு இழையைப் பிடித்து இழுத்து உருவிவிட்டு, அது விட்டுப்போன கோட்டிலேயே வெட்டுவேன். நெட்டுப் பட்டையும் குறுக்குப் பட்டையும் சந்திக்கிற இடத்தில் கோடும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். ஓரத்துக்கு மட்டும் துணியை மூலைவாட்டமாக வெட்டவேண்டும், அப்போதுதான் மூலையில் வளைந்துகொடுக்கும். அந்த நாட்களில் என் கோபம் என் கைக்கும் இறங்கிவிட்டது. தைத்ததைப் பிரித்தேன், பிரித்ததைத் தைத்தேன். ஒரு நடுத்துண்டுக்குத் துணி போதாமல் ஓரிடம் காலியாகவே நின்றது. கரை இல்லாத போர்வை நாலு பக்கமும் நூல் பிரிந்து தொங்கிக்கொண்டு கிடந்தது.

தங்கை பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பசியாவரத்துக்காரர்களைத் திட்டும்போது அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அழுகிறாளோ என்று பார்ப்பேன், அழவும் இல்லை.

அம்மாதான் என்னை விடவில்லை. பச்சை உடம்புக்காரி, புருஷன் வீட்டுக்குப் போகவேண்டியவள், உன் வீம்பால் அவள் வாழ்க்கையில் மண்ணைப் போடாதே என்றாள். வந்த துணியை வைத்துத் தைத்துவிடு, கரை என்று இருந்தால் போதும், புதுசா பழசா என்று யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்றாள். நான் முடியாது என்றேன். மறுநாள் வேலையிலிருந்து வந்தபோது அவள் ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, அந்தப் புதுத் துணியைச் சேற்றில் புரட்டி, மணல் வைத்துத் தேய்த்து, கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். பழசாக்குகிறாளாம். நாலு தரம் உப்புத் தண்ணீரில் போட்டால் மாப்பிள்ளை உடுத்திய மாதிரி ஆகிவிடும் என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தண்ணீருக்குள் இறங்கித் துணியைப் பிடுங்கினேன். பெற்ற தாய் என்றும் பார்க்காமல் கத்தினேன். குழந்தை யாருக்குப் பிறந்தது என்று எவனோ கேட்கிற கேள்விக்கு, நாமே திருட்டுத்தனமாகப் பதில் தயார் பண்ணுவதா என்றேன். தப்பு செய்தவர்கள்தான் பழசாக்கிக் காட்டுவார்கள் என்றேன். அம்மாவின் கைகள் தேய்த்துத் தேய்த்துத் தோலுரிந்திருந்தன. சாயவேர்ச் சிவப்பு துவைக்கத் துவைக்க மின்னும் என்பது அவளுக்குத் தெரியாததா? கஞ்சி போனதும் அந்தத் துணி முன்னைவிடப் பளிச்சென்று, கண்ணைக் குத்துகிற மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் அவள் அழுதாள்.

தொட்டில் போடும் நாள் வந்தது. பசியாவரத்திலிருந்து ஒரு படகு நிறைய ஆட்கள் வந்தார்கள். சமையல் நடந்தது, தொட்டில் கட்டியாயிற்று. கரை இல்லாத போர்வையைக் கீழே விரித்துக் குழந்தையை அதன்மேல் போட்டிருந்தோம். அண்ணன்காரன் வந்து நின்று பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நாங்கள் கொடுத்த துணி எங்கே என்று கேட்டான். அம்மா உள்ளே போய் எடுத்துவந்து நீட்டினாள்.

நான் குறுக்கே போய் நின்றேன். எனக்கு அன்று மிச்சம் மீதி வைக்கிற எண்ணம் இல்லை. இது துணிக்கடைத் துணி, உங்கள் வீட்டுத் துணி இல்லை என்றேன். வேலைக்கு அனுப்பியவன் நீ, அந்த அரிசியைத் தின்றவன் நீ, இப்போது என் தங்கையை ஊர் சிரிக்க வைப்பவனும் நீ என்றேன். உன் தம்பி தகப்பன்தான் என்றால் அவன் கையால் அவன் துணியைக் கொடுக்கட்டும், இல்லையென்றால் இல்லை என்று அவன் வாயாலேயே சொல்லட்டும் என்றேன். இவ்வளவும் சொன்னபோது என் குரல் கோட்டைவரைக்கும் கேட்டிருக்கும்.

எல்லோரும் தம்பிக்காரனைப் பார்த்தார்கள். அவன் அண்ணனைப் பார்த்தான். பிறகு கீழே கிடந்த குழந்தையைப் பார்த்தான். தலையில் கட்டியிருந்த கட்டத் துண்டை அவிழ்த்தான். வெயிலில் வெளுத்து, உப்புப் பூத்து, ஓரம் கிழிந்த துண்டு. அதை என்னிடம் நீட்டினான்.

அண்ணன்காரன் முகம் செத்துப்போயிற்று. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் துண்டை விரித்துப் பார்த்தேன். அகலக் கரைக்குப் போதாது. மூலைவாட்டமாக வெட்டி ஒட்டுப்போட்டால் ஓரம் கட்டுவதற்குச் சரியாக வரும். ஓரம் போதும், ஓரமும் கரையில் சேர்த்திதான் என்று ஒரு பெரியவர் சொன்னார். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் நான் கத்தரியை எடுத்தேன்.

"அண்ணா, அத்த வெட்டாதே" என்றாள் என் தங்கை.

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை நாளும் அந்தப் பேச்சில் அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை என்பதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு புடவை இருந்தது. பழுப்பில் சிவப்புக் கட்டம், கட்டம் பெரிசு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதைக் கட்டிக்கொண்டுதான் ஏரியில் இறங்குவாள். கிழவி வீட்டுக்கும் அதைக் கட்டிக்கொண்டுதான் போனாள். முழங்காலுக்குக் கீழே ஏரிச் சேறு ஏறி நிறமே மாறியிருந்தது.

"கரைக்கு இதுல வெட்டு. ஓரத்துக்கும் இதுலயே வெட்டு" என்றாள்.

அம்மா பதறிப்போய், அதெல்லாம் வழக்கமில்லை என்றாள். மாப்பிள்ளையே மனசு இறங்கிக் கொடுத்தபிறகு இதென்ன பைத்தியக்காரத்தனம் என்றாள். தங்கை அம்மாவைப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

"அவுரு துணி வேணும்னு நான் யாருகிட்டயும் கேக்கல. நீங்களே போனீங்க, நீங்களே சண்டை போட்டீங்க, நீங்களே துவைச்சீங்க. இத்தினி நாளு கழிச்சு, அண்ணன் மூஞ்சியப் பாத்துப் பாத்து, ஒரு தலைத்துண்டு குடுக்கறாரு. அத்த சுத்திக் கட்டி என் புள்ள படுக்கணுமா?" என்றாள். பிறகு என் கையிலிருந்த துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நடுவுல ஒரு எடம் காலியா கீதே. வேணும்னா அதுல வெச்சுக்கோ" என்றாள்.

நடுத்துண்டு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரி கொடுக்கலாம், ஒல்லாந்துக் கிழவி கொடுக்கலாம். அங்கே நின்ற எல்லோருக்கும் அது புரிந்தது. அவனுக்கும் புரிந்தது. வெறும் தலையோடு நின்றவன் அப்படியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன்காரனால் அப்போதும் சும்மா இருக்க முடியவில்லை. "அப்போ புள்ள யாருதுன்னு ஊருக்கு இன்னா சொல்றது?" என்றான்.

"கரை யாரு துணின்னு பாத்து சொல்லிக்கோங்க" என்றாள்.

அவன் சாப்பிடாமலேயே ஆட்களைக் கூட்டிக்கொண்டு படகேறினான். நான் அங்கேயே உட்கார்ந்து புடவையை மடியில் போட்டு ஓர் இழையை இழுத்தேன். அவ்வளவு பழகிய துணி, இழை எங்கும் அறுபடாமல் ஒரே மூச்சில் வந்தது. நாலு மூலையிலும் கோடும் கோடும் சேர்ந்தன. ஓரத்துக்கு மூலைவாட்டமாக வெட்டியதை மடித்துப் பிடித்துத் தைத்தேன், இழுத்த இழுப்புக்கு வந்தது. தலைத்துண்டில் ஒரு சதுரம் வெட்டி, காலியாக இருந்த இடத்தில், கிழவியின் பூத்துணிக்குப் பக்கத்தில் வைத்து, சுற்றிலும் என் பொடிக்கட்டப் பட்டையை ஓட்டினேன். அன்று மாலைக்குள் முடித்துவிட்டேன். குழந்தையை எடுத்து அதன்மேல் போட்டுப் பேர் சொல்லி அழைத்தோம்.

மாப்பிள்ளை அண்ணனோடு படகு ஏறவில்லை. நான் தைத்து முடிக்கும்வரை அங்கேயே வெயிலில் நின்றான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. பிறகு தோணிரேவிலேயே எங்களோடு தங்கி, எங்கள் பக்கத்துக்காரர்களோடு வலைக்குப் போக ஆரம்பித்தான். அன்று அவன் படகு ஏறியிருந்தாலும் என் தங்கை கூப்பிட்டிருக்கமாட்டாள். அது அவனுக்கும் தெரியும்.